மேற்கு யன்னல்

கச்சேரிக்குப் பக்கத்தில், பழைய பூங்கா மதிலோரம்
வாகை நிழல் போகிற பக்கமெல்லாம்
கதிரையை இழுத்துக்கொண்டு போவார்.
மனு எழுத இருநூறு, படிவம் நிரப்ப ஐம்பது.
மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைத்
தங்கூசியால் கட்டியிருந்தார்.

மற்றவர்களுக்கு அவர் மனுக்கார ஐயா.
எனக்குக் குலவீரசிங்கம்.
முகாமில், முன்னட்டை இல்லாமல்
கைமாறிக் கைமாறி வந்த புத்தகம்;
பின்னட்டையில் மட்டும் முகம் இருந்தது.
கருகருவென்று மீசை,
யாரையோ வெல்லப்போகிற பார்வை.
அரிசிக்கு வரிசையில் நின்றபடி படித்தேன்.
கனகமணி கிளாலியில் வள்ளம் ஏறுகிற இடத்தில்
என் முறை வந்துவிட்டது.
பின்னால் நின்றவளை முன்னே விட்டேன்.

சொல்லுவார்கள்:
கடைசி நாவலின் ஆயிரம் பிரதியும்
கட்டுப் பிரிக்காமல் மச்சாள் வீட்டுக் கராச்சில் கிடக்கிறதாம்.
மனைவி பிள்ளைகளோடு கனடாவில்;
தொலைபேசி வருவதும் நின்றுவிட்டதாம்.
கூட்டங்களில் முன்வரிசையில் இருத்துவார்களாம்,
பொன்னாடைகூடப் போர்த்துவார்களாம்,
ஒலிவாங்கியை மட்டும் கொடுக்கமாட்டார்களாம்.
போன வருடம் யாரோ கொடுத்துவிட,
எதிரே உயிரோடு இருந்தவருக்கு
ஒரு மணித்தியாலம் அஞ்சலி செலுத்தினாராம்.
அழுதும் விட்டாராம்.

கறுப்புப் பைக்குள் கால்போத்தல்.
பதினொரு மணிக்குப் பிறகு கை நடுங்காது.
பதினொரு மணிவரை காத்திருந்தேன்.

"காணி எங்க?"
"மயிலிட்டி."
"எத்தனை வருஷம் ஆமி வைச்சிருந்தது?"
"இருபத்தேழு."
"வீட்டுக்கு எத்தனை யன்னல்?"
"நாலு."
"மேற்குப் பக்கம்?"
"அந்தப் பக்கம் சுவர், ஐயா."
"இல்லை, ஒண்டு வேணும்.
பின்னேர வெயில் உள்ள வந்து விழவேணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
புல்ஸ்காப் தாளில் நாலு பக்கம்,
நூல் பிடித்ததுபோல எழுத்து.
இடையில் பேனையைத் தூக்கிக் கேட்டார்:
"கடற்கரைக்குப் போற ஒழுங்கையில
அந்தப் பூவரசு இன்னும் நிக்குதோ?"
எங்கள் ஒழுங்கையில் பூவரசு நின்றதேயில்லை.
"ஓம்" என்றேன்.
கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

உள்ளே, மூன்றாம் மேசையில்
சின்னப்பிள்ளை ஒருத்தி கூப்பிட்டாள்:
"கனகமணி! ஆர் கனகமணி?"
விறாந்தையில் ஒருவரும் அசையவில்லை.
"மயிலிட்டிக் கனகமணி!"
நான் எழும்பினேன்.

"அடையாள அட்டையில தவமலர் எண்டு கிடக்கு, அம்மா.
இதென்ன, கதை மாதிரிக் கிடக்கு?
விபரத்தை மட்டும் எழுதிக் கொண்டுவாங்கோ."

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்.
'மேற்படி கனகமணியாகிய நான் கரை சேர்ந்து
உயிருடன் திரும்பி வந்துள்ளேன் என்பதைத்
தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.'

புத்தகத்தில் அவள் கரை சேரவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

வெளியே நிழல் போய்விட்டிருந்தது.
கதிரை வெயிலில். அவர்
மதிலோடு சாய்ந்து, வாய் திறந்தபடி நித்திரை.
எழுப்பவில்லை.
படிவத்தை நானே நிரப்பினேன்.
யன்னல்: நாலு.

அடுத்த மாதம் கதிரையும் இல்லை.
தேத்தண்ணிக் கடைக்காரர் பெரியாஸ்பத்திரி என்றார்,
பிறகு கைதடி முதியோர் இல்லம் என்றார்,
பிறகு தனக்குத் தரவேண்டிய பாக்கி
எழுநூற்றுப் பத்து என்றார்.
நான் கொடுக்கவில்லை. தேடியும் போகவில்லை.

வீட்டுத்திட்டக் காசில் சுவர் எழும்பியபோது
மேசன் ஞானசீலன் சொன்னான்:
பிளானில் மேற்கே யன்னல் இல்லை,
வைத்தால் பதினெட்டாயிரம் மேலதிகம்.
காப்பை அடகு வைத்தேன்.

இப்போது நாலு மணியிலிருந்து
கண்ணுக்குள் குத்துகிறது வெயில்.
பழைய சீலையைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன்.
சில நாள்
இழுத்துவிட மறந்துபோகிறேன்.